அமெரிக்கத் தெருவில் ஏன் நாயே இல்லை?

ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். சாயங்காலம் காலாற நடக்கக் கூட்டிப்போனால், நாலு தெரு தாண்டியதும், "இங்க தெருநாயே கண்ணுல படலையே, எல்லாம் எங்கதான் போச்சு?" என்பார்கள். நம்ம ஊர் எப்போது இப்படி ஆகுமோ என்கிற பெருமூச்சு அதில் இருக்கும். கையில் பிளாஸ்டிக் பையோடு நாய்க்குப் பின்னால் குனிந்து அள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பும் இருக்கும்.

நான் இப்போதெல்லாம் சுருக்கமாகத்தான் பதில் சொல்கிறேன். தெருவில் இல்லை, ஊர் எல்லையில் ஒரு கட்டடத்துக்குள் இருக்கின்றன. அங்கேயும் ரொம்ப நாள் இருப்பதில்லை.

சிலர் அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள், சிலர் விடமாட்டார்கள். விடாதவர்களுக்காகவும், 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னதிலிருந்து எதற்கெடுத்தாலும் "காப்பகம் கட்டுங்கப்பா, அமெரிக்காவைப் பாருங்கப்பா" என்று வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டிருக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். காப்பகத்தைக் கட்டி நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டால் விஷயம் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். 150 வருடமாக இதை நடத்திப் பார்த்த நாட்டில் கதவைச் சாத்திய பிறகு என்ன செய்வது என்பதில்தான் சண்டையே. இன்னும் தீரவில்லை.

நான் இருப்பது கலிஃபோர்னியாவில், கடற்கரை, சினிமா என்று நீங்கள் கேள்விப்பட்ட பக்கம் இல்லை, பாதாம் தோட்டமும் கிடங்குகளும் லாரிகளுமாக இருக்கிற உள்பகுதி. எங்கள் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நடத்துகிற ஷெல்டரில், அதாவது பிராணிக் காப்பகத்தில், சனிக்கிழமைகளில் நாய்களை நடக்கக் கூட்டிப்போகிற வாலண்டியர் வேலை எனக்கு. இந்த மாதிரிக் கட்டடங்களைப் பெரும்பாலும் குப்பைக் கிடங்குக்கோ கழிவுநீர் நிலையத்துக்கோ பக்கத்தில்தான் கட்டியிருப்பார்கள். நிலம் மலிவு, குரைப்பதைப் பற்றி யாரும் புகார் கொடுக்கமாட்டார்கள், ஆனால் நாய் எடுக்க வருகிறவனும் வழி தேடித்தான் வர வேண்டும்.

உள்ளே நீளமான நடை, இரண்டு பக்கமும் கூண்டுகள். ஒவ்வொரு கூண்டும் இரண்டு பகுதி, நடுவில் கயிற்றை இழுத்தால் மேலே போகிற தகரக் கதவு. ஒரு பக்கத்தைக் கழுவும்போது நாயை அடுத்த பக்கம் தள்ளிவிடுவதற்காக அப்படி. கூட்டம் அதிகமாகிவிட்டால் அந்த நடுக்கதவை இறக்கிவிட்டு, ஒரு நாய்க்கான இடத்தில் இரண்டு நாய் போடுவார்கள். கம்பியில் ஓர் அட்டை தொங்கும். எண், தோராயமான வயது, எடை, நிறம், இனம் (பாதி ஊகம்தான்), தெருவில் பிடித்ததா, சொந்தக்காரரே கொண்டுவந்து விட்டதா, வந்த தேதி. வாலண்டியர்கள் பெயரைப் படிப்போம். வேலை செய்கிறவர்கள் தேதியைப் படிப்பார்கள்.

பெயர் ஷெல்டரில் வைப்பதுதான். தினமும் புதுசாக வருவதால் பெயர் தீர்ந்துபோய், ஒரு வாரம் எல்லா நாய்க்கும் சீஸ் பெயர், ஒரு வாரம் கார் பெயர் என்று போகும். ஒரு தடவை பொறுப்பு என்னிடம் வந்தபோது ஒரு குண்டு வெள்ளை நாய்க்கு இட்லி என்று வைத்தேன். எடுத்துப்போன மெக்சிகோக் குடும்பம் பெயரை மாற்றவில்லை, "இத்லி, இத்லி" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார்கள்.

எல்லா நாயும் இட்லி மாதிரி வாசல் வழியாகப் போவதில்லை. பிடிபட்ட நாயைச் சொந்தக்காரர் தேடி வருவதற்காகக் குறிப்பிட்ட நாள் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 1998 வரை கலிஃபோர்னியாவில் அது 72 மணி நேரம்தான். அதாவது வெள்ளிக்கிழமை பிடிபட்ட நாயின் சொந்தக்காரர் ஊருக்குப் போயிருந்தால், திரும்பி வந்து பார்க்கும்போது நாய் இல்லை. இப்போது நான்கிலிருந்து ஆறு வேலை நாள். அது முடிந்ததும் நாய் ஷெல்டருக்குச் சொந்தம், அப்புறம் தத்துக் கொடுக்கலாம், வேறு அமைப்புக்கு அனுப்பலாம், கொல்லவும் செய்யலாம்.

கொல்வது ஊசியில். பென்டோபார்பிட்டல் என்கிற மயக்க மருந்தை அளவுக்கு மீறிக் கொடுப்பது. வேறு மருந்தோடு மாறிப்போய்விடக் கூடாது என்பதற்காக நீலமோ ரோஜா நிறமோ கலந்திருப்பார்கள். ஒருவர் நாயைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முன்னங்கால் நரம்பில் ஏற்றுவார். ஏற்றி முடிப்பதற்குள் நாய் சரிந்துவிடும். அப்புறம் ஸ்டெதஸ்கோப் வைத்து இதயம் நின்றுவிட்டதா என்று பார்ப்பார்கள். அந்த அறைக்குள் வாலண்டியர்களுக்கு அனுமதி இல்லை. இதெல்லாம் அங்கே வேலை செய்கிறவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது.

லாரியில் அடிபட்டு இடுப்பு நொறுங்கிய நாய்க்கு அந்த ஊசியைப் போடுவதில் இங்கே யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சண்டை, கூண்டுக் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு வாலை ஆட்டுகிற நாயைப் பற்றி. ஒரு நோயும் இல்லை, யாரையும் கடிக்கவில்லை. இடம்தான் இல்லை.

இந்த "இடமில்லை"யின் கதை ரொம்பப் பழசு. 1870களில் நியூயார்க்கில் கோடை வந்தால் நாய் பிடிப்பார்கள். பிடித்த நாய்களை இரும்புக் கூண்டில் திணித்து, கிரேனில் தூக்கி, ஈஸ்ட் ரிவரில் முக்கி எடுப்பார்கள். 1877 ஜூலையில் ஒரே நாளில் இப்படி 700க்கும் மேற்பட்ட நாய்கள். ஹென்றி பெர்க் என்பவர் 1866இல் அமெரிக்காவின் முதல் பிராணி வதைத் தடுப்புச் சங்கமான ஏஎஸ்பிசிஏவை ஆரம்பித்திருந்தார். பிடித்த நாய்களை அடைக்கிற நாய்ப் பட்டியையும் நீங்களே நடத்துங்கள் என்று நகரம் கேட்டபோது மனிதர் மறுத்துவிட்டார். காப்பாற்ற ஆரம்பித்த சங்கம் கொல்கிற வேலையை ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் 1888இல் இறந்துபோனார், 1894இல் சங்கம் அந்த வேலையை வாங்கிக்கொண்டது. கெட்ட எண்ணம் இல்லை. ஆற்றில் முக்குவதைவிட வலியில்லாமல் செய்யலாமே என்ற எண்ணம்தான். விளைவு, அடுத்த நூறு வருடம் நியூயார்க்கில் நாய் பூனைகளைக் கொன்றது, அவற்றைக் காப்பாற்ற ஆரம்பித்த அதே சங்கம். நாடு முழுவதும் மற்ற ஊர்ச் சங்கங்களும் இதே வழியில் போயின.

முறைகள் மட்டும் மாறின. கார்பன் மோனாக்சைடு, காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிற இரும்புப் பெட்டி, கடைசியில் ஊசி. 1970களின் ஆரம்பத்தில் வருடத்துக்கு ஒரு கோடிக்கும் மேல் நாய் பூனைகள் இப்படிப் போயின என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், இரண்டு கோடி என்று சொல்கிறவர்களும் உண்டு. இன்றைக்கு ஏஎஸ்பிசிஏ தருகிற கணக்குப்படி 2024இல் சுமார் 6 லட்சம். இறங்கியிருக்கிறது, நிறையவே இறங்கியிருக்கிறது. ஆனாலும் நாளுக்கு 1,600க்கு மேல். "ஒரு தெருநாய்கூட இல்லையே" என்று வியக்கும்போது இந்த எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இறங்கியதற்கு முக்கியமான காரணம் கருத்தடை. 1970களில் லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி குறைந்த செலவில் கருத்தடை செய்கிற கிளினிக் திறந்தது, மற்ற ஊர்களும் பார்த்துச் செய்தன, தனியார் டாக்டர்களும் வழக்கமாகச் செய்ய ஆரம்பித்தார்கள். இதில் கதை சொல்ல ஒன்றும் இல்லை. குட்டி பிறக்கவில்லை, அதனால் சாகவில்லை, அவ்வளவுதான்.

கதை இருப்பது சான்பிரான்சிஸ்கோவில். ரிச்சர்ட் அவன்சினோ என்று ஒருவர், சட்டமும் மருந்தாளுநர் படிப்பும் படித்தவர், 1976இல் அந்த ஊர்ப் பிராணி வதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏவுக்குத் தலைவராக வந்தார். வந்ததும் அந்தக் காற்று உறிஞ்சும் பெட்டியைத் தூக்கி வெளியே போட்டார். நாலு வருடம் கழித்து சைடோ என்ற நாயின் வழக்கு வந்தது. சொந்தக்காரி இறந்துபோனபோது, தனக்குப் பின் நாயை யாரும் சரியாகப் பார்த்துக்கொள்ளமாட்டார்கள், அதனால் அதைக் கொன்றுவிட வேண்டும் என்று உயில் எழுதி வைத்திருந்தார். உயிலை நிறைவேற்ற வேண்டியவர் நாயைக் கேட்க, அவன்சினோ கொடுக்கமாட்டேன் என்றார். விவகாரம் கோர்ட்டுக்குப் போய், ஊர் முழுக்கக் கடிதம் குவிந்து, 1980இல் அந்த ஒரு நாய்க்காகக் கலிஃபோர்னியா சட்டமன்றம் சட்டமே போட்டது, கவர்னர் கையெழுத்துப் போட்டார். சைடோ அவன்சினோ வீட்டிலேயே மேலும் ஐந்து வருடம் இருந்தது.

இந்தக் கதையை இங்கே எல்லோரும் நெகிழ்ச்சியாகச் சொல்வார்கள். எனக்கு வேறு விதமாகப் படுகிறது. சைடோவுக்குக் கடிதம் எழுதிய அதே ஊரில், அதே வருடம், உயிலில் இடம்பெறாத எத்தனையோ நாய்கள் வாரா வாரம் போய்க்கொண்டிருந்தன. பெயரும் பத்திரிகையில் படமும் கிடைத்த நாய்க்குக் கவர்னர் வரை வருகிறார். எண் மட்டும் இருக்கிற நாய்க்கு யாரும் வருவதில்லை. அவன்சினோவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அப்புறம் அவர் செய்தது ஒரு நாய்க்காக அல்ல. நாய் பிடிக்கிற, கொல்கிற ஒப்பந்தமே வேண்டாம் என்று நகரத்திடம் திருப்பிக் கொடுத்தார், 1989இல் நகரம் தனியாக ஒரு துறை ஆரம்பித்தது. 1994இல் அந்தத் துறையோடு ஓர் உடன்பாடு போட்டார். ஆரோக்கியமான நாயோ பூனையோ உங்களால் வீடு தேடிக்கொடுக்க முடியவில்லை என்றால் எங்களிடம் கொடுங்கள், வீடு கிடைக்கிற வரை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்று. அமெரிக்காவில் ஒரு பெரிய நகரம் இப்படி ஓர் உறுதி கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அதற்காகப் புதிதாக எதையாவது கண்டுபிடித்தார்களா என்றால், இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் வர முடிகிற மாதிரி மாலையிலும் வார இறுதியிலும் திறந்து வைத்தார்கள். ஆளில்லாத மூலையில் உட்கார்ந்து காத்திருக்காமல் ஜனம் கூடுகிற இடத்துக்கு நாய்களைக் கொண்டுபோனார்கள். கண் திறக்காத பூனைக்குட்டிகளை வீட்டில் வைத்துப் பால் கொடுக்க ஆள் சேர்த்தார்கள். கருத்தடையை இலவசமாக்கினார்கள். அதுவரை "இடமில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்த பெரும்பாலான ஊர்களில் ஷெல்டர் காலை பத்திலிருந்து மாலை நாலு வரை திறந்திருக்கும், ஞாயிறு விடுமுறை. எனக்கு இந்த விவகாரத்தில் ஏதாவது நிச்சயமாகத் தெரியும் என்றால் அது இதுதான். இடமில்லை என்று கொன்ற இடங்களில் யாராவது உட்கார்ந்து விசாரித்துப் பார்த்தால், முதலில் குறைவாக இருந்தது இடம் இல்லை. ஆள், நேரம், கொஞ்சம் அக்கறை, சில ஊர்களில் வெறும் போன் எடுத்துப் பேசுவது.

1998இல் மாநில செனட்டர் டாம் ஹேடன் கொண்டுவந்த சட்டம் இதையே மாநிலம் முழுக்கக் கட்டாயமாக்கப் பார்த்தது. மேலே சொன்ன நாலு முதல் ஆறு நாள் அதில் வந்ததுதான். அதைவிட முக்கியமானது, கொல்வதாக முடிவான நாயைப் பதிவு பெற்ற மீட்புக் குழு கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்ற விதி. அதற்கு முன்னால் கேட்டாலும் கொடுக்காமல் கொன்ற ஷெல்டர்கள் இருந்தன என்பதை நம்ப உங்களுக்குக் கஷ்டமாக இருக்கலாம். குழுக்கள் கேள்வி கேட்கும், வெளியில் பேசும், அது பிடிக்காது, அவ்வளவுதான் காரணம்.

சரி, ஆரோக்கியமான நாயைக் கொல்லக் கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று. அப்புறம் அடுத்த சண்டை. ஆரோக்கியமானது எது?

ஒரு நீளக் கம்பின் முனையில் ரப்பர் கை. நாய்க்கு ஈரச் சாப்பாடு வைத்து, அது தின்னும்போது இந்த ரப்பர் கையால் தட்டை இழுப்பார்கள், முகத்தில் தட்டுவார்கள். நாய் உறுமினால் ஒரு மதிப்பெண், கையைக் கடித்தால் ஒரு மதிப்பெண். பல வருடம் பல ஷெல்டர்களில் இந்தப் பரீட்சையில் தோற்ற நாய்கள் தத்துக்கு லாயக்கில்லாதவை என்று ஊசிக்குப் போயின. இரண்டு நாள் தெருவில் பட்டினி கிடந்து, ஐம்பது நாய் குரைக்கிற கூடத்தில் தூங்காமல் இருக்கிற பிராணியின் தட்டை ரப்பர் கையால் பிடுங்கினால் அது உறுமாமல் என்ன செய்யும்? அப்புறம் ஆராய்ச்சி செய்தவர்கள், ஷெல்டரில் சாப்பாட்டுக்கு உறுமிய நாய்களில் பல வீட்டுக்குப் போனதும் அப்படிச் செய்வதில்லை என்று கண்டுபிடித்தார்கள். இப்போது நிறைய இடங்களில் ரப்பர் கையை மூலையில் போட்டுவிட்டார்கள். அதுவரை போன நாய்கள் "ஆரோக்கியமற்றவை" கணக்கில் போனதால், "நாங்கள் ஆரோக்கியமான எதையும் கொல்வதில்லை" என்று அந்த ஷெல்டர்கள் சொன்னதும் காகிதத்தில் உண்மைதான்.

வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை பூனைக்குட்டிகள் அட்டைப் பெட்டியில் வந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று மணிக்கொரு தடவை, ராத்திரியிலும், பால் கொடுக்க வேண்டும். ராத்திரி ஷெல்டரில் ஆள் கிடையாது. அதனால் வந்த அன்றே ஊசி. அந்தக் குட்டிகளுக்கு நோயா? மீசை நரைத்த பிட்புல் கலப்புக்கு மூட்டுவலி, அது நோயா? தும்மலும் சளியும், ஷெல்டரிலேயே ஒட்டிக்கொண்டது, மாத்திரையில் போகும், அதை என்ன சொல்வது? 2004இல் கலிஃபோர்னியாவில் அசிலோமர் என்ற இடத்தில் பல அமைப்புகள் கூடி ஆரோக்கியம், சரிசெய்யக் கூடியது, சரிசெய்ய முடியாதது என்று வகை பிரித்து எல்லோரும் ஒரே மாதிரி கணக்குக் காட்டலாம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் எந்த நாயை எந்தக் கட்டத்தில் போடுவது என்று முடிவெடுப்பவர் அன்றைக்கு டியூட்டியில் இருக்கிறவர்தான்.

எதிர்க்கட்சியையும் சொல்ல வேண்டும். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பீட்டா என்றால் நம் ஊரில் ஜல்லிக்கட்டு ஞாபகம் வரும், திட்டுவதற்குத் தயாராக இருப்போம். அந்த பீட்டா வர்ஜீனியாவில் நார்ஃபோக் நகரத்தில் நடத்துகிற ஷெல்டரில் உள்ளே போகிற பிராணிகளில் பெரும்பான்மை கொல்லப்படுகின்றன. ரகசியம் இல்லை, மாநில அரசுக்கு வருடா வருடம் அவர்களே கொடுக்கிற கணக்கு. நிறுவனர் இங்க்ரிட் நியூகிர்க் சின்ன வயதில் டெல்லியில் வளர்ந்தவர். அவர்கள் தரப்பு இது: ஏழைகள் டாக்டருக்குக் காட்ட முடியாமல் கொண்டுவருகிற, யாரும் எடுக்காத பிராணிகளைத்தான் நாங்கள் வாங்குகிறோம், கொல்லமாட்டோம் என்று பெருமை பேசுகிற இடங்கள் அவற்றைத் திருப்பி அனுப்புகின்றன, வருடக்கணக்காகக் கூண்டில் பைத்தியமாவதைவிட வலியில்லாத சாவு மேல்.

பைத்தியமாவது என்பது மிகையில்லை. கூண்டுக்குள் ஒரே இடத்தில் வட்டமடித்து வட்டமடித்துத் தரையில் ஈரப்பாதை போட்டுவிட்ட நாயை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாய் சுவரில் பாய்ந்து, கீழே விழுந்து, மறுபடி அதே இடத்தில் பாயும், கூட்டிப்போகக் கயிறோடு போய் நின்றாலும் நிறுத்தாது. நாலு மாதம் முன்னால் குழந்தைகளோடு வளர்ந்த நாய் அது, அட்டையில் எழுதியிருந்தது. "மீட்பு" என்ற பெயரில் நூறு நாயை ஒரு கொட்டகையில் அடைத்து நாற விட்டவர்களும் பிடிபட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் அவர்கள் வாதத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2014இல் அதே வர்ஜீனியாவில், ஒரு வீட்டு வாசலில் இருந்த மாயா என்கிற சின்ன சிவாவா நாயை பீட்டா ஆட்கள் எடுத்துப்போய், சட்டப்படி ஐந்து நாள் வைத்திருக்க வேண்டியதை அன்றைக்கே கொன்றுவிட்டார்கள். வீட்டுக்காரர் வழக்குப் போட்டார், 2017இல் 49,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். தவறு நடந்துவிட்டது என்றார்கள், சரி, தவறு எங்கும் நடக்கும். ஆனால் கொல்வதே கருணை என்று தினமும் நம்பிச் செய்கிற இடத்தில் தவறு எந்தப் பக்கம் சாயும்? நாளைக்குத் துன்பப்படலாம் என்ற ஊகத்துக்காக இன்றைக்கு நன்றாக இருப்பதைக் கொல்வது என்று ஆரம்பித்தால் அதற்கு எல்லை எதுவும் கிடையாது.

இந்தப் பக்கத்துக் குறை இன்னும் எரிச்சலானது, ஏனென்றால் நான் நிற்கிற பக்கம் இது. உள்ளே வருவதில் 90 சதவீதம் உயிரோடு வெளியே போனால் "கொல்லாத ஷெல்டர்" என்று பெயர் வைத்துக்கொள்ளலாம் என்பது நடைமுறை. டெக்சஸில் ஆஸ்டின் நகரம் 2010இல் தீர்மானம் போட்டு, 2011இல் அந்த எண்ணைத் தொட்டது, 2019இல் நகர மன்றம் அதை 95 ஆக உயர்த்தியது. பெரிய சாதனை, நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு என்ற கணக்கில் ஒரு சௌகரியம் உண்டு. உள்ளே வராத நாய் கணக்கில் இல்லை.

ஒரு சனிக்கிழமை முன் கவுண்டரில் ஒருவர் ஹஸ்கியோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டு வயது இருக்கும், நீலக் கண், ரோமம் எல்லாம் தரையில். கொரோனா காலத்துக்குப் பிறகு இந்த ஹஸ்கிகள் வந்து குவிகின்றன, நூறு டிகிரி வெயில் அடிக்கிற ஊரில் பனிப்பிரதேச நாயை வாங்குகிறவர்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். அவருக்கு வாடகை ஏறிவிட்டது, போகிற புது அபார்ட்மென்டில் ஹஸ்கி கூடாது, ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்ய வேண்டும். கவுண்டர் பெண் நாயை ஒப்படைக்க அப்பாயின்ட்மென்ட் வேண்டும், மூன்று வாரம் கழித்துத்தான் இருக்கிறது என்றாள். அவர் கத்தவில்லை. "மேடம், ஞாயிறு நாளைக்குத்தான்" என்றார், அவ்வளவுதான். அவள் ஒரு மூட்டை நாய்ச் சாப்பாடும், கூப்பிட்டுப் பார்க்க வேண்டிய மீட்புக் குழுக்களின் பட்டியலும் கொடுத்தாள். அந்தக் குழுக்களும் நிரம்பி வழிகின்றன என்று அவளுக்கும் தெரியும். அவர் நாயைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார். மாதக் கடைசி அறிக்கையில் எங்கள் சதவீதம் நன்றாகவே இருந்தது.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மாட்டேன் என்று சொல்லாமல் அந்த நாயை உள்ளே எடுத்தால், ஏற்கனவே இரண்டிரண்டாக இருக்கிற கூண்டில் எதையாவது காலி செய்ய வேண்டும், காலி செய்கிறவளும் அவள்தான். வாரக் கடைசியில் பட்டியலை மீட்புக் குழுக்களுக்கு மெயில் அனுப்பி, "நாளை மாலை ஐந்துக்குள்" என்று எழுதுபவளும் அவள்தான். அதற்குப் பதிலாக வருவது பாதி உதவி, பாதி வசவு. கொலைகாரி என்று எழுதுவார்கள், எழுதுகிறவர்களில் ஒருவரும் அந்தப் பட்டியலிலிருந்து ஒரு நாயை எடுத்திருக்கமாட்டார்கள். பிராணிகள் பிடிக்கும் என்று வேலைக்கு வந்தவள் அவள், வீட்டில் மூன்று கால் பூனை வளர்க்கிறாள்.

இதையெல்லாம் சென்னையில் இருக்கிற என் சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். காலையில் கையில் குச்சியோடு வாக்கிங் போகிறவர், இரண்டு தடவை துரத்தப்பட்டவர். "அங்க கதை இருக்கட்டும்டா, எங்க தெருவுல பத்து நாய் இருக்கே, பேரன் ஸ்கூல் பஸ் ஏறப் போகணும்ல" என்றார். நியாயம்தான். தமிழ்நாட்டில் 2024இல் மட்டும் 4 லட்சத்துக்கும் மேல் நாய்க்கடி, வெறிநோயில் செத்தவர்கள் 40 பேருக்கும் மேல். இதைப் பற்றிப் பேசினாலே "நாய்ப் பிரியர்கள்" என்று கிண்டல் செய்வதும், கடிபட்டவரிடம் நாயின் உரிமை பேசுவதும் இரண்டுமே எனக்குச் சகிக்காது.

ஆனால் சித்தப்பா மறந்துபோன ஒன்று இருக்கிறது. கொன்று பார்ப்பது சென்னைக்குப் புதிது இல்லை. 1860லிருந்து மாநகராட்சி கொன்றுகொண்டிருந்தது, அவர் சின்ன வயதில் நாய்வண்டி வந்தால் பையன்கள் பின்னாலேயே ஓடுவார்கள். பிடித்ததை மின்சாரம் பாய்ச்சிக் கொல்வார்கள். சென்னையின் பிராணி நல அமைப்பான ப்ளூ கிராஸ் திரட்டிய கணக்குப்படி ஆரம்பத்தில் நாளுக்கு ஒரு நாய்கூடத் தேறாது, 1990களின் நடுவில் நாளுக்கு 135. நூற்று முப்பத்தைந்து வருடம் கொன்றதில் நாய் குறைந்திருந்தால் இந்த எண் ஏன் ஏறுகிறது? ப்ளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா 1964லிருந்தே இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், கொல்லாதீர்கள், கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு அதே இடத்தில் விடுங்கள் என்று. மாநகராட்சி காதில் வாங்கியது 1995–96இல். அப்புறம் 2001இல் மத்திய அரசின் விதியாகவே வந்தது. அமெரிக்காக்காரர்கள் தெருப் பூனைகளுக்கு இப்போது பெருமையாகச் செய்கிற காரியம்தான் இது, நாம் நாய்களுக்கு முன்னாலேயே ஆரம்பித்தோம். ஆரம்பித்ததோடு சரி, முழுசாகச் செய்யவில்லை.

2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லிக்குச் சொன்னதை உச்ச நீதிமன்றமே ஆகஸ்ட் 22இல் மாற்றியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்தில் விடலாம், வெறிநோய் உள்ளதையும் பாய்ந்து கடிப்பதையும் மட்டும் விடக் கூடாது என்று. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் மாதிரி இடங்களிலிருந்து பிடிப்பதை அங்கே திரும்ப விடக் கூடாது என்று இன்னோர் உத்தரவு. அப்படியானால் அவற்றை வைக்கக் காப்பகம் வேண்டும், சந்தேகமில்லை. அதற்கு எவ்வளவு வேண்டும், யார் நடத்துவது, அங்கே நிரம்பினால் என்ன செய்வது என்பதை இப்போதே பேச வேண்டும். நிரம்பிய பிறகு பேசினால் என்ன ஆகும் என்பதற்கு ஈஸ்ட் ரிவரிலிருந்து சாட்சி இருக்கிறது.

எல்லா நாயையும் அடைப்பது என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையில் மாநகராட்சி 2024இல் எடுத்த கணக்கில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். ஒரு காப்பகத்துக்கு 200 நாய் என்று தாராளமாக வைத்தாலும் 900 காப்பகம். ஊரில் இருப்பதே 200 வார்டு. உங்கள் வார்டில் நாலைந்து காப்பகம், ஒவ்வொன்றிலும் 200 நாய் ராத்திரி முழுக்கக் குரைக்கும், தினம் 1.8 லட்சம் வாய்க்குச் சாப்பாடு, அப்படியே பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு. நடத்த முடியாமல் போனதும் யாராவது ஒருவர் இடமில்லை என்பார், இன்னொருவர் ஊசி என்பார், அதை வெளியில் யாரும் பார்க்க முடியாத மாதிரிச் சுவர் மட்டும் தயாராக இருக்கும்.

கருத்தடைக் கணக்கு இதைவிடச் சின்னது. அந்த 1.8 லட்சத்தில் ஏற்கனவே செய்தது கால்வாசியை ஒட்டி. 70 சதவீதத்தைத் தொட வேண்டும் என்பது இலக்கு. மிச்சம் 80,000 அறுவை சிகிச்சை, ஒரே வருடத்தில் என்றால் வேலை நாளுக்கு 270. நடுவில் நிறுத்தினால் ஆறு மாதத்தில் குட்டிகள் வந்து கணக்கைக் கெடுத்துவிடும், அதனால் ஒரே மூச்சில் செய்ய வேண்டும், அதற்கு டாக்டர்கள் வேண்டும், நாயை உடம்பு நோகாமல் பிடிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும், வண்டி வேண்டும். சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. மாநகராட்சியின் புகார் எண் 1913க்கு போன் பண்ணினால் வண்டி வந்து பிடித்துப்போகிறது, அப்புறம் கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காதில் வெட்டுக்குறியோடு அதே நாயை அதே தெருவில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள், அதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவர் புகார். அதே நாய் இருக்கிற வரைக்கும் அடுத்த தெருவிலிருந்து தடுப்பூசி போடாத புது நாய் உள்ளே வராது, வந்தால் இதுவே துரத்தும் என்றேன். "ராத்திரி ரெண்டு மணிக்குத் துரத்துதே, அந்தச் சத்தத்தை நீ வந்து கேளு" என்றார்.